மாமன் வெறுங்கையோடு போகலாமா

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் சோலையப்பன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். என்னை அடித்த போலீஸ்காரர்களை எல்லாம் மறந்துவிட்டேன். உள்ளே தள்ளிய ஜட்ஜுகளில் ஒருவர் முகம்கூட ஞாபகத்தில் இல்லை. சோலையப்பனை மட்டும் மறக்க முடியவில்லை, அண்ணாச்சி.

நீங்கள் ஒன்றும் கேட்கவில்லைதான். ஆனால் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும்போது ஒரு பொடிப்பயலைப் பிடித்து வைத்து நாலு பேர் அடித்தார்களே, செல்போன் எடுத்தான் என்று. அதைப் பார்த்து நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். "திருந்துறவன் திருந்துவான், திருந்தாதவன் சாகுற வரைக்கும் திருந்த மாட்டான், எல்லாம் ரத்தத்துல இருக்கணும்" என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திருமங்கலம் தாண்டிவிட்டது, இன்னும் அதுதான் காதில் ஓடுகிறது.

ரத்தம் எல்லாம் ஒன்றும் இல்லை. சோலையப்பனும் நானும் விருதுநகரில் ஒரே தெரு. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துத் தெரு. அவனுக்கு அப்பா இல்லை. எனக்கு அம்மா இல்லை, அப்பா இருந்தும் இல்லை. கேட் சாத்தினால் பருப்பு லாரிகள் வரிசையாக நிற்கும். வியாபாரிகள் மூட்டையில் குத்திச் சாம்பிள் எடுப்பார்களே, முனை கூராக இருக்கிற இரும்புக் குழல், அதில் ஒன்று என்னிடம் இருந்தது. எப்படி வந்தது என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். லாரிக்குப் பின்னால் நின்று நான் குத்துவேன். துவரம்பருப்பு தண்ணீர் மாதிரி ஒழுகும். அவன் பையைப் பிடிப்பான். கேட் திறப்பதற்குள் பை நிறைந்துவிடும். குத்துவது நான், பிடிப்பது அவன். ஆளுக்குப் பாதி. அவனுக்கு ஒரு மாதிரி ரத்தம், எனக்கு ஒரு மாதிரி ரத்தமா?

ஒரு நாள் பருப்பு மில் மேஸ்திரி, பரமானந்தம் என்று பெயர், லாரிக்கு மேலேயே தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. மேலேயிருந்து குதித்தார். நான் ஒரே ஓட்டத்தில் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டேன். சோலையப்பன் மாட்டிக்கொண்டான். நான் அப்படியே போயிருக்கலாம். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். மேஸ்திரியும் லாரிக்காரர்களும் அவனைக் கீழே போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். நான் திரும்பி வந்தேன். "அவன விடுங்க, குத்துனது நானு" என்றேன். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. திரும்பி வந்தவன் நான்.

இரண்டு பேரையும் சின்னப் பையன்கள் ஜெயிலில் போட்டார்கள். ஸ்கூல் என்று போர்டு மாட்டியிருக்கும். பூட்டு வெளிப்பக்கம் இருக்கும்.

அங்கே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து பார்க்கலாம். எனக்கு யாரும் வரவில்லை. ஒருவர்கூட வரவில்லை. அவனுக்கு அவன் அம்மா வருவாள். வெள்ளையம்மாள். பொரிகடலை கொண்டுவருவாள், கருப்பட்டி மிட்டாய் கொண்டுவருவாள். வந்ததும் என்னையும் கூப்பிடச் சொல்வாள். முந்தானையை விரித்து இரண்டு கூறாகப் பிரிப்பாள். "ரெண்டும் எம்புள்ளைகதான்" என்று வார்டனிடம் சொல்வாள். அதெல்லாம் பேச்சுக்குச் சொல்வது. எனக்கு வந்தவள் இல்லை அவள்.

ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குச் சும்மா வாங்கித் தின்பான், சொல்லுங்கள். எனக்கும் கை இருக்கிறதல்லவா? ஸ்டோர் ரூமிலிருந்து இரண்டு சோப்புக்கட்டி எடுத்து வைத்திருந்தேன். அடுத்த தடவை வந்தபோது, துண்டில் சுற்றி, "அத்தை, வச்சிக்கிடுங்க" என்று கொடுத்தேன். மோந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நேரே வார்டனிடம் போய் நீட்டிவிட்டாள். "இது ஒங்க சாமான்னு நெனைக்கேன் சார். புள்ள எனக்குக் குடுக்கணும்னு ஆசப்பட்டு எடுத்துட்டான். அடிச்சிராதீங்க."

அடிச்சிராதீங்க என்று சொல்லிவிட்டுக் கொடுத்தால் அடிக்காமல் இருப்பார்களா?

அதற்குப் பிறகு அவள் வந்தால் நான் வெளியே போவதில்லை. சோலையப்பன் என் பங்கை உள்ளே கொண்டுவந்து என் பாயில் வைப்பான்.

"தின்னுடா மாப்ளே. அம்மா கேட்ல நின்னு அழுவுது."

"ஒங்கம்மா அழுதா அதுக்கு நான் என்ன செய்ய?"

பக்கத்துப் பாய்க்காரனுக்குத் தள்ளிவிடுவேன். அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

வெளியே விட்டார்கள். வந்ததும் சோலையப்பன் எங்கே போய் வேலைக்கு நின்றான் தெரியுமா? அதே பருப்பு மில்லில். அதே பரமானந்தம் மேஸ்திரியிடம். மிதித்த காலிலேயே போய் விழுந்தான். விழுந்தவன் சும்மா இல்லை, என்னையும் இழுத்துக்கொண்டு போனான். மூட்டை ஏற்றுகிற வேலை. வேலைக்கு நான் அஞ்சவில்லை. என் தோள் அவன் தோளைவிடப் பலம். ஆனால் அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் வெளியே போகும்போது, ஒவ்வொருவரும் கேட்டில் நின்று வேட்டியை அவிழ்த்து உதறிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். உள்ளே டவுசர் போட்டிருப்பார்கள். தலை நரைத்தவனும் உதறுவான், நேற்று வந்தவனும் உதறுவான். சோலையப்பன் பேசிக்கொண்டே உதறுவான். சிரித்துக்கொண்டே உதறுவான், கொடியில் துணி காயப்போடுகிறவன் மாதிரி. என் முறை வந்தது. மேஸ்திரி, "நல்லா ஒதறுடா" என்றார்.

எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறார் என்றான் சோலையப்பன். இல்லை. நான் கவனித்துக்கொண்டுதான் நின்றேன். மற்றவர்களுக்கு ஒதறு என்றுதான் சொன்னார். எனக்குத்தான் நல்லா ஒதறு.

"ஒதறுனா என்னடா மாப்ளே, ரெண்டு நிமிசம்."

"ஒனக்கு மானம் இல்ல. எனக்கு இருக்கு."

"மானமா? எனக்குப் பசிக்குதுடா" என்றான்.

ஒன்றும் எடுக்காதவனைப் போய் உதறச் சொன்னால், அதற்கு எடுத்தே தொலைக்கலாமே. நாலைந்து நாளில் நின்றுவிட்டேன். அன்றைக்கு அவனும் என்னோடு வெளியே வந்திருக்க வேண்டும், அண்ணாச்சி. நான் அவனுக்காகத் தண்டவாளத்தைத் தாண்டித் திரும்பி வந்தேன். அவன் எனக்காக ஒரு கேட்டைத் தாண்டி வெளியே வரவில்லை. மறுநாளும் அங்கே போய் நின்று உதறினான்.

பையை அந்தப் பக்கம் நகர்த்தி வைக்கிறீர்கள். வையுங்கள், வையுங்கள். நான் ஒன்றும் நினைக்கவில்லை. நானாக இருந்தாலும் நகர்த்தித்தான் வைப்பேன். ஆனால் எனக்கு இப்போது என்ன வேலை என்று தெரியுமா? மதுரையில் காய்கறி மார்க்கெட் பக்கத்தில் வண்டி ஸ்டாண்டில் டோக்கன் போடுகிறேன். பூட்டாமல்கூட வண்டியை விட்டுவிட்டுப் போவார்கள். ஹெல்மெட், பை, டிபன் பாக்ஸ், எல்லாம் என் கண் முன்னால்தான். தொட்டதில்லை. திருந்திவிட்டேன் என்று சொல்லவில்லை. முட்டி ஒத்துழைக்கவில்லை, கடைக்குக் கடை கேமரா வைத்துவிட்டான். அப்படி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தகரக் கொட்டகை, அதில் படுத்துக்கொள்கிறேன். என் பெயர் காளிராஜ் என்று அங்கே யாருக்கும் தெரியாது. டோக்கன்காரர் என்பார்கள். அதுவும் வண்டி எடுக்கும்போது மட்டும்தான்.

கதைக்கு வருகிறேன். சோலையப்பனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் பெயர் சண்முகத்தாய். அவளுக்குக் கூடப்பிறந்த ஆண் பிள்ளை கிடையாது. நான் அந்த வீட்டுக்குப் போன முதல் நாள், இலை போட்டாள். "ஒக்காருங்கண்ணே" என்றாள். நான் என்ன தொழில் செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியும், சோலையப்பன் மறைக்கவில்லை. தெரிந்தும் அண்ணே என்றாள். என்னை அண்ணே என்று கூப்பிட்டவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஜெயிலில் கூப்பிடுவார்கள், அது வேறு.

பெண் குழந்தை பிறந்தது. பொன்மாரி என்று பெயர் வைத்தார்கள். காது குத்த நாள் பார்த்துவிட்டு, சோலையப்பன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். நான் அப்போது மதுரையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரிந்துகொண்டிருந்தேன். டீக்கடையில் வைத்துச் சொன்னான்.

"மாப்ளே, ஒந் தங்கச்சி சொல்லிவிட்டா. நீதான் மாமன். ஒம் மடியில வச்சுத்தான் புள்ளைக்குக் காது குத்தணும்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். "என்ன செய்யணும்?" என்றேன்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம். குளிச்சிட்டு வந்து ஒக்காரு. அவ்வளவுதான். வெறுங்கையோட வா. எதையும் தூக்கிட்டு வந்து என்னைய சங்கடப்படுத்தாத. சொல்றது புரியுதா? வெறுங்கையோட வா."

நீங்களே நியாயம் சொல்லுங்கள், அண்ணாச்சி. நீங்களும் தங்கச்சி பிள்ளைக்குக் காது குத்தியிருப்பீர்கள். மாமன் வெறுங்கையோடு போகலாமா? காதுக்குக் கம்மல் மாமன் கொண்டுபோக வேண்டும். காலுக்குக் கொலுசு கொண்டுபோக வேண்டும். பட்டுப்பாவாடை, பழத்தட்டு, மாலை. மாமன் வருகிறான் என்றால் தெருவே வாசலில் வந்து நிற்கும், தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க. அங்கே போய் நான் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நிற்கவா? அண்ணே என்று கூப்பிட்டவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்?

அவளுக்காகத்தான் போனேன். பெரிய நகைக்கடை. கூட்டமான நேரம். சின்னக் கம்மல் ஒரு ஜோடி, முத்து வைத்த கொலுசு ஒரு ஜோடி. பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன். கையில் கிடைத்ததை எடுக்கவில்லை. குழந்தைக் காலுக்குக் குத்தாத மாதிரி திருகு இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தேன். அதில்தான் மாட்டினேன். எடுத்தோம், போனோம் என்று இருந்திருந்தால் கடைக்காரப் பையன் என்னைக் கவனித்திருக்கவே மாட்டான். அளவு பார்க்கப் போய் மாட்டினேன்.

மறுநாள் காலையில் காதுகுத்து. நான் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறேன். எஸ்.ஐ.யிடம் கெஞ்சினேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கெஞ்சியது அன்றைக்குத்தான். "ஐயா, ஒரு போலீஸைக் கூட அனுப்புங்க. நான் தாய்மாமன். புள்ளைய மடியில வச்சிட்டுத் திரும்பி வந்துர்றேன்" என்றேன்.

"யாருடா நீ? தாய்மாமனா?" என்றார் எஸ்.ஐ. "ஏய், மாமனுக்கு மாலையை எடுத்துட்டு வாங்கய்யா!"

ஏட்டு விலங்கை எடுத்துக்கொண்டு வந்தார். ஸ்டேஷனே சிரித்தது. அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர். ஜெயிலுக்கு உள்ளே போகும் முன்னாலேயே பெயர் உள்ளே போய்விட்டது. தாய்மாமன் வந்தாச்சு, தாய்மாமனுக்குச் சோறு போடு, தாய்மாமா கக்கூஸ் கழுவு.

அங்கே சோலையப்பன் என்ன செய்தான் தெரியுமா? நல்ல நேரம் முடிகிற வரைக்கும் பார்த்தானாம். பிள்ளைக்கு மொட்டை போட்டு, சந்தனம் தடவி, ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பிறகு பிள்ளையைத் தூக்கி மேஸ்திரி மடியில் வைத்துவிட்டான். எந்த மேஸ்திரி? லாரியிலிருந்து குதித்த அதே பரமானந்தம் மடியில். எனக்கு வைத்திருந்த மடி அது. ஏன், ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் பிள்ளையின் காது ஓடியா போய்விடும்? நான் வெளியே வந்த பிறகு வைத்துக்கொண்டால் சாமி வேண்டாம் என்றா சொல்லும்? அந்தப் பிள்ளைக்காகத்தானே நான் உள்ளே போனேன்!

இதைத்தான் துரோகம் என்கிறேன்.

ஜெயிலுக்கு மனு போட்டுப் பார்க்க வந்தான். வார்டர் வந்து, "தாய்மாமா, ஒனக்கு ஆள் வந்திருக்கு" என்றான். நான் போகவில்லை. அடுத்த மாதமும் வந்தான். சண்முகத்தாயையும் கூட்டிக்கொண்டு வந்தான் என்றார்கள், கைப்பிள்ளையோடு. நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்? வெறுங்கையோடு அவளுக்கு முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கவா? போகவில்லை. பிறகு அவன் வருவதை விட்டுவிட்டான். பார்த்தீர்களா? அவ்வளவுதான் அவன்.

வெளியே வந்தால் யார் இருக்கிறார்கள்? உள்ளே போனால் பத்துப் பேர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெயரானாலும் ஒரு பெயர்தானே. போவதும் வருவதுமாக வயது போய்விட்டது. அவன் என்னை அன்றைக்கு அந்தப் பிள்ளையோடு உட்கார வைத்திருந்தால் நானும் அதோடு தொழிலை விட்டிருப்பேன். இதில் ரத்தம் எங்கே வந்தது?

கடலை வேண்டாம், அண்ணாச்சி. நீங்கள் சாப்பிடுங்கள். இல்லை, இல்லை, பசி எல்லாம் இல்லை. பதிலுக்கு நீட்ட என்னிடம் ஒன்றுமில்லை. வேண்டாம்.

இப்போது எங்கே போகிறேன் என்றுதானே பார்க்கிறீர்கள். அந்தப் பொன்மாரிக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளையும் பிறந்துவிட்டது. ஆண் பிள்ளை. இன்றைக்கு அதற்குக் காதுகுத்து. கருவேலம்பட்டிக்கு ரோடு பிரிகிற விலக்கில் இறங்கினால் அவர்கள் கோயில். பொன்மாரிக்கும் கூடப்பிறந்தவன் கிடையாது. ஒரே பிள்ளை. அப்படியென்றால் முறைப்படி யார் மடி? சண்முகத்தாய்க்கு அண்ணன் நான். என் மடிதான்.

அழைத்தானா என்கிறீர்களா? அதையும் கேளுங்கள். நான் ஸ்டாண்டில் இருப்பதை யார் மூலமாகவோ விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறான். தூரத்தில் வரும்போதே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சாய்ந்து சாய்ந்து நடந்து வருகிறான், மூட்டை தூக்கின உடம்பு. நான் வண்டிகளுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன். வந்தவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க அன்றைக்கு என் கையில் வழி இல்லை. எப்படி எதிரே நிற்பது? பக்கத்தில் பூ விற்கிற பாண்டியம்மாளிடம் ஊருக்குப் போய்விட்டேன் என்று சொல்லச் சொன்னேன். இன்னொரு நாளும் வந்தான். அன்றைக்கும் அதையே சொல்லச் சொன்னேன். கடைசியில் வெற்றிலை பாக்குத் தட்டைப் பாண்டியம்மாளிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பூக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போவதா அண்ணாச்சி, மாமனை அழைக்கிற முறை? வீட்டில் ஆள் இருக்கும்போது வந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, கையில் கொடுப்பதல்லவா முறை?

பாண்டியம்மாள் வேறு அவன் பக்கம் பேசினாள். "அந்தப் பெரியவரு ரொம்ப நேரம் வெயில்லயே நின்னாருய்யா. நீரு வண்டிக்குப் பின்னால ஒக்காந்திருந்தது அவருக்குத் தெரியும்னுதான் நெனைக்கேன். ஒம்ம பக்கமாப் பாத்துத்தான் சத்தமாச் சொன்னாரு. 'வெறுங்கையோட வரச் சொல்லும்மா. இந்தத் தடவை வேற யாரு மடியிலயும் வைக்க மாட்டேன்னு சொல்லு' அப்படின்னாரு."

பார்த்தீர்களா? ஒரு பூக்காரியிடம், நடுரோட்டில் நின்று, சத்தமாக, நான் வெறுங்கைக்காரன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். மார்க்கெட்டே கேட்டிருக்கும்.

இருந்தாலும் கிளம்பிவிட்டேன். நேற்று சாயங்காலம் ஒரு வெள்ளிக்கடை வாசலில் நின்றேன். சின்ன அரைஞாண்கொடி கண்ணாடிக்குப் பின்னால் தொங்கியது. கடையில் கூட்டம். நின்றேன், நின்றேன், வந்துவிட்டேன். ஏன் வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. போக வர டிக்கெட்டுக்கு இருந்தது, ஏறிவிட்டேன். இதோ பாருங்கள். இரண்டு கையும் வெறுங்கை. பை இல்லை, தட்டு இல்லை, ஒரு பழம்கூட இல்லை.

விலக்கு வந்துவிட்டதா? வந்துவிட்டது. வேகம் குறைக்கிறான்.

அதோ. அந்த வெள்ளை வேட்டி. அதுதான் சோலையப்பன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ரோட்டோரத்தில் நிற்கிறான் பாருங்கள். இடுப்பில் என்ன? பிள்ளை. மொட்டை போட்டு, சந்தனம் தடவி, அதற்குள் இங்கே தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். இந்த வெயிலில். அறிவு இருக்கிறதா அவனுக்கு? ஆசாரி அங்கே காத்துக்கொண்டிருப்பார், நேரம் போய்க்கொண்டிருக்கும், இவன் இங்கே பஸ் பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். யாரோ பெரிய மனுஷன் வர வேண்டியிருக்கும். மில் முதலாளியாக இருக்கும்.

இறங்குகிறேன், இறங்குகிறேன். அவசரப்படுத்தாதீர்கள். முதலில் அவன் கூப்பிடட்டும். பஸ் நிற்கிறதல்லவா? படியில் ஒரு காலை வைத்து, உள்ளே பார்த்து, மாப்ளே என்று ஒரு சத்தம். அது போதும். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. தட்டு வேண்டாம், தாம்பூலம் வேண்டாம். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஒரு சத்தம்.

ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகிறான். இங்கே பார்க்கிறான். பாருங்கள், நேராக என்னையே பார்க்கிறான். கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு பார்க்கிறான். பிள்ளையும் பார்க்கிறது. சண்முகத்தாய் முகம் அப்படியே இருக்கிறது அதற்கு.

அடுத்த ஜன்னலுக்குப் போய்விட்டான்.

கண் தெரியாமல் இருக்கும் என்கிறீர்கள். இருக்கட்டும். கண் போனால் வாயுமா போய்விட்டது? இறங்கி எதிரே போய் நின்றால் தெரியும் என்கிறீர்கள். இந்தக் கையோடா?

கண்டக்டர் சத்தம் போடுகிறான். "விலக்கு எறங்கியாச்சா? யாராவது இருக்கீங்களா?"

நீங்கள் சும்மா இருங்கள், அண்ணாச்சி. என் கையை விடுங்கள். சொல்லாதீர்கள்.

விசில் கொடுத்துவிட்டான். சரி.

இன்னும் நிற்கிறானா? உங்கள் பக்கம் தெரியுமே, திரும்பிப் பார்த்துச் சொல்லுங்கள். அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிறானா? நிற்கட்டும்.

கண்டக்டர் தம்பி, சாத்தூருக்கு ஒரு டிக்கெட் கொடு. ஆமாம், விலக்குக்குத்தான் எடுத்தேன். இறங்கவில்லை. சாத்தூரில் யாரும் இல்லை, சும்மாதான்.

நீங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள், அண்ணாச்சி? நாளைக்கு யாராவது கேட்டால் சொல்லுங்கள். பஸ் நின்றது, நான் உள்ளேதான் இருந்தேன், அவன் கூப்பிடவில்லை.